ஸ்டேக்குக்கு ஒரு நியாயம், பர்கருக்கு ஒரு நியாயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் ஸ்டேக்கையும் (முழுத் துண்டாகச் சுட்ட மாட்டிறைச்சி) பர்கரையும் (அரைத்த இறைச்சியைத் தட்டிச் சுட்டது) எந்தப் பதத்தில் சாப்பிட வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்தது, அடுத்த வாரமே அதைத் தூக்கி வைத்தும் திட்டியும் வாசகர் கடிதங்கள் வந்தன, எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கோஷ்டி, மீடியம் ரேரை, அதாவது நடுவில் சிவப்பு மாறாத பதத்தைத் தாண்டி வேகவைத்தால் அது இறைச்சிக்கே அவமானம் என்கிறது. இன்னொரு கோஷ்டி, உள்ளே சிவப்பு தெரிந்தாலே ரத்தம், அருவருப்பு, காட்டுமிராண்டித்தனம் என்கிறது. சாப்பாட்டைப் பற்றி ஜனங்கள் இவ்வளவு சூடாக எழுதுவது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கோஷ்டியும் ஸ்டேக்கையும் பர்கரையும் ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போகிறார்கள். ஸ்டேக் எந்தப் பதத்தில் வேண்டும் என்பது சாப்பிடுகிறவர் இஷ்டம், அதில் யாரும் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை. பர்கர் அப்படி இல்லை. இந்த வித்தியாசத்தைக் கட்டுரையாளரும் சொல்லவில்லை, திட்டியவர்களும் சொல்லவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ரத்த விவகாரத்தை முடித்துவிடலாம். ஸ்டேக்கை வெட்டும்போது தட்டில் ஓடுகிற சிவப்புத் தண்ணீர் ரத்தம் இல்லை. மாட்டை அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். மிச்சம் இருப்பது தசையில் உள்ள தண்ணீரும், அதில் கரைந்திருக்கிற மயோகுளோபின் என்ற புரதமும். தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. காற்று பட்டால் பளிச்சென்று சிவக்கும், சூடு 60 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும்போது நிறம் வெளுத்துப் பழுப்பாக மாறத் தொடங்கும். அதனால் மீடியம் ரேர் சாப்பிடுகிறவரை ரத்தம் குடிக்கிறவர் என்று சொல்வதை இத்தோடு விட்டுவிடலாம். பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது வேறு, அதற்கு யாரும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, இந்தப் பதங்கள் என்ன என்பது. துண்டின் நடுப்பகுதி சுமார் 50 டிகிரியில் இருந்தால் ரேர், 54 முதல் 57 வரை மீடியம் ரேர், 60ஐ ஒட்டி மீடியம், 65க்கு மேல் மீடியம் வெல், 70ஐத் தாண்டினால் வெல் டன். ஒவ்வொரு சமையலறையும் ஓரிரண்டு டிகிரி முன்னே பின்னே வைத்துக்கொள்ளும். பிரெஞ்சுக்காரர்கள் 'ஆ புவான்' (சரியான பதம்) என்று கொடுப்பது, அமெரிக்க உணவகத்தில் மீடியம் என்று கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் வெந்திருக்கும். அதாவது கடைசிக் கடைசியாக நாம் சண்டை போடுவது ஒரு 20 டிகிரி இடைவெளிக்காக. ஆனால் அந்த 20 டிகிரிக்குள் நடப்பது கொஞ்சநஞ்சம் இல்லை. 50 டிகிரியை ஒட்டி தசைப் புரதங்களில் ஒன்றான மயோசின் உறைகிறது, வழவழவென்று இருந்த பச்சை இறைச்சி பல்லுக்குப் பிடி கொடுக்கத் தொடங்குகிறது. 60ஐத் தாண்டும்போது தசை இழைகளைச் சுற்றியிருக்கிற கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் சுருங்குகிறது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளுகிறது. 66க்கு மேல் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் உறைய ஆரம்பித்தால் இறைச்சி இறுகிக் காய்கிறது. காய்ந்ததை ஒருவர் "சவசவ" என்பார், இன்னொருவர் "நல்லா வெந்திருக்கு" என்பார். நடந்தது ஒன்றுதான், நாக்குதான் வேறு.

இதையெல்லாம் ஸ்டேக்கில் நம் இஷ்டத்துக்கு விடலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் இருந்தால் வெட்டும்போது, தோலுரிக்கும்போது ஒட்டிக்கொண்டவையாக மேற்பரப்பில்தான் இருக்கும். ஆரோக்கியமான மாட்டின் தசைக்கு உள்ளே அவை இருப்பது அபூர்வம். காய்ந்த வாணலியில் போட்டு எல்லாப் பக்கமும், ஓரங்களையும் சேர்த்து, சுட்டு எடுத்தால் மேலே இருப்பவை செத்துவிடும். உள்ளே சிவப்பாக இருந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை. 'பெரும்பாலும்' என்று சொல்வதைக் கவனியுங்கள். அமெரிக்க வேளாண் துறை ஸ்டேக்குக்குச் சொல்லும் அளவு 63 டிகிரி, அதற்குப் பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும். அந்தக் கணக்குப்படி மீடியம் ரேரே கொஞ்சம் துணிச்சல்தான். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அந்த 63ஐப் பிடித்துக்கொள்வது நல்லது. மற்றபடி நன்றாக இருக்கும் ஒரு பெரியவர், தெரிந்தே, தன் தட்டில் எடுத்துக்கொள்கிற சின்ன ஆபத்து இது.

ஒரு விதிவிலக்கு உண்டு, கட்டுரையில் இது அறவே இல்லை. மலிவான துண்டுகளை மிருதுவாக்க ஊசிகளாலும் மெல்லிய கத்திகளாலும் இயந்திரத்தில் குத்துவார்கள், சிலவற்றில் உப்புத் தண்ணீரை ஏற்றுவார்கள். பார்வைக்கு முழு ஸ்டேக்தான், ஆனால் மேலே இருந்த கிருமியை ஊசி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடும். கனடாவில் 2014 முதல், அமெரிக்காவில் 2016 முதல் இப்படிக் குத்திய மாட்டிறைச்சியில் அதைச் சொல்லியும் எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்லியும் லேபிள் ஒட்ட வேண்டும் என்பது விதி. அந்த லேபிளைப் பார்த்தால் ரேர் ஆசையை அன்றைக்கு ஒத்திப்போடுங்கள்.

சரி, கிருமிப் பேச்சு போதும், ருசிக்கு வருகிறேன். எனக்குக் கட்டுரையாளர் மேல் பெரிய மனஸ்தாபமே இங்கேதான். எல்லா ஸ்டேக்குக்கும் மீடியம் ரேர்தான் சரி என்று அடித்துச் சொல்கிறார். எந்தத் துண்டு என்று கேட்காமல் பதத்தைச் சொல்வது எப்படி நியாயம்? முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கிற டெண்டர்லாயினை எடுத்துக்கொள்ளுங்கள். மாடு அதிகம் வேலை வாங்காத தசை, கொழுப்பு ரொம்பக் குறைவு, மிருது அதன் பிறவிக் குணம். அதை ரேராகவோ மீடியம் ரேராகவோ எடுத்தால் அருமையாக இருக்கும், 65ஐத் தாண்டினால் காப்பாற்ற உள்ளே கொழுப்பு இல்லை. விலாப் பகுதியில் இருந்து வெட்டுகிற ரிப்ஐ அப்படியா? தசைக்குள்ளேயே கொழுப்பு கோடு கோடாக ஓடும், நடுவில் ஒரு கட்டிக் கொழுப்பும் இருக்கும். 50 டிகிரியில் அந்தக் கொழுப்பு சரியாக இளகாது, மெழுகு மாதிரி வாயில் ஒட்டிக்கொண்டு நிற்கும், மென்று மென்று கடைசியில் துப்பத்தான் தோன்றும். கொஞ்சம் கூடுதலாக, மீடியம் வரைக்கும் கொண்டுபோனால் கொழுப்பு இளகி இறைச்சியோடு சேரும், வாசனையும் அப்போதுதான் வரும். எனக்கு ரிப்ஐ என்றால் மீடியம்தான், ரேர் பக்தர்கள் முகம் சுளித்தாலும் சரி. ஸ்கர்ட், ஃப்ளாங்க் மாதிரி வயிற்றுப் பக்கத்து மெல்லிய துண்டுகளில் பதத்தைவிட வெட்டுகிற திசை முக்கியம், இழைக்குக் குறுக்கே வெட்டாவிட்டால் எந்தப் பதத்தில் இருந்தாலும் தாடை வலிக்கும். தோள்பட்டைப் பக்கத்துக் கடினமான துண்டுகளுக்கு இந்த விளையாட்டே கிடையாது. அதில் இருக்கிற கொலாஜன் ஜெலட்டினாகக் குழைய மணிக்கணக்கில் மெல்லச் சூடு காட்ட வேண்டும், வாணலியில் சில நிமிடம் புரட்டி எடுத்துவிட்டு மீடியம் ரேர் என்று பெயர் வைத்தால் செருப்பைத்தான் கடிக்க வேண்டியிருக்கும்.

வெல் டன் கேட்பவர்களைக் கட்டுரை கிண்டலடித்த விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 2017இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் நன்றாக வெந்த ஸ்டேக்கைக் கெச்சப் தொட்டுச் சாப்பிட்டார் என்று செய்தி வந்தபோது உலகமே சிரித்தது. அவரைக் கேலி செய்ய வேறு காரணமே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டேன். என் சொந்தக்காரர் ஒருவர் வெல் டன் தவிர வேறு தொடமாட்டார். அவரோடு உணவகத்துக்குப் போகும்போதெல்லாம் பரிமாறுகிறவர் முகத்தில் ஒரு பரிதாபம் ஓடும், அப்புறம் வருகிற துண்டைப் பார்த்தால் மெலிசாக, ஓரம் கருகி, விறகு மாதிரி இருக்கும். வெல் டன் கேட்பவருக்கு இருப்பதிலேயே சுமாரான துண்டைத் தள்ளிவிடுகிற பழக்கம் சில சமையலறைகளில் உண்டு, எப்படியும் வித்தியாசம் தெரியாது என்ற நினைப்பு. காசு மட்டும் அதே காசுதான். வெல் டன்னை நன்றாகச் செய்ய முடியாது என்பது சமையல்காரரின் சோம்பல். கொழுப்பு ஓடுகிற துண்டாக எடுத்து, குறைந்த சூட்டில் அடுப்புப் பெட்டியில் (ஓவனில்) மெல்ல 65 வரை ஏற்றி, கடைசியில் வாணலியில் நிறம் வர வைத்தால் 70ஐத் தொடும்போதும் தின்னும்படி இருக்கும். ஆனால் வெல் டன் என்றால் கருக்குவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேகவைப்பது வேறு, கருக்குவது வேறு. கரிந்த இறைச்சியில் ஹெட்டெரோசைக்ளிக் அமைன் என்ற சேர்மங்கள் உருவாகின்றன, அவை மனிதர்களுக்கு நல்லதல்ல என்ற சந்தேகம் நெடுநாளாக இருக்கிறது. ரேர் ஸ்டேக்கையும் வெளியே கரியாக்க முடியும், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் உண்டு.

வெளிப்பக்கத்தை வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது, பிறகு சோதித்துப் பார்த்ததில் தவறு என்று ஆகிவிட்டது. வறுத்த பிறகும் வாணலியில் 'சொய்ங்' என்று சத்தம் கேட்கிறதே, அது வெளியே வருகிற தண்ணீரின் சத்தம்தானே. வறுப்பது ருசிக்காக. அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வருவது 1912இல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வேதிவினையால், அதன் பெயரும் அவர் பெயர்தான். சுமார் 140 டிகிரியில் வேகம் எடுக்கும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிப்பதால், ஈரமான மேற்பரப்பில் அது நடக்காது. அதனால் ஸ்டேக்கைத் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள், பதம் எதுவானாலும்.

இனி பர்கர். இங்கே என் குரல் கொஞ்சம் மாறும்.

இறைச்சியை அரைத்த நிமிடத்தில் மேற்பரப்பு என்ற ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. வெளியே இருந்தது எல்லாம் உள்ளே, நடுவில், எங்கும் கலந்துவிடுகிறது. ஆலையில் அரைப்பதாக இருந்தால் ஒரே பர்கரில் பல மாடுகளின் இறைச்சி சேர்ந்திருக்கும், ஒன்றில் இருந்த கிருமி மொத்த அரவைக்கும் பரவும். ஸ்டேக்கில் வெளிப்பக்கத்தைச் சுட்டால் போதும் என்று சொன்னேனே, அந்த வாதம் இங்கே செல்லாது. கட்டுரையாளர் "நல்ல இறைச்சியாக இருந்தால் பர்கரையும் மீடியம் ரேராகச் சாப்பிடலாம்" என்கிற பாணியில் எழுதிவிட்டுப் போகிறார். நல்ல இறைச்சி என்றால் என்ன? விலை கூடியதா, அன்றைக்கே அறுத்ததா, புல் தின்ற மாடா? ஈ.கோலை ஓ157 என்ற கிருமி மாட்டின் குடலில் குடியிருக்கிறது, மாட்டுக்கு ஒன்றும் செய்வதில்லை, இறைச்சியில் நாற்றமும் வராது, நிறமும் மாறாது. நூறுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே ஆளைப் படுக்க வைக்கும். குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. இந்தக் கிருமியை மனிதர்களில் நோய் உண்டாக்குவதாக முதலில் கண்டுகொண்டதே 1982இல், அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களிடம்தான். பிறகு 1993இல் 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்ற சங்கிலி உணவகத்தின் பர்கர்களால் 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். வாஷிங்டன் மாநில விதி சுமார் 68 டிகிரி கேட்டது, அந்த உணவகத்தின் வழக்கமோ சுமார் 60. எட்டு டிகிரி. ஸ்டேக்கில் இந்த எட்டு டிகிரி மீடியமா மீடியம் வெல்லா என்கிற சண்டை, பர்கரில் அது ஆஸ்பத்திரி. அடுத்த ஆண்டே, அதாவது 1994இல், அரைத்த மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அந்த இறைச்சியை விற்கவே கூடாது என்று அமெரிக்க அரசு அறிவித்தது. இன்றைக்கும் அங்கே அரைத்த இறைச்சிக்குச் சொல்லும் அளவு 71 டிகிரி. பிரிட்டனில் 70 டிகிரியில் 2 நிமிடம் இருக்க வேண்டும் அல்லது அதற்குச் சமமான சூடும் நேரமும்.

"வெட்டிப் பார்த்தேன், பழுப்பாக இருந்தது, வெந்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பர்கரில் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். காற்று பட்டுப் பழசான அரவை 71ஐத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே பழுப்பாகிவிடும், சில பர்கர்கள் 71ஐத் தாண்டியும் ரோஸாகவே இருக்கும். பதம் தெரிய உள்ளங்கையின் சதையை அழுத்திப் பார்த்து இறைச்சியோடு ஒப்பிடுகிற வித்தையும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் கை வேறு, ஸ்டேக்கிலேயே அது சரிவராது, பர்கரில் கேட்கவே வேண்டாம். ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பர்கரின் பக்கவாட்டில் இருந்து நடு வரைக்கும் குத்த வேண்டும், மேலே இருந்து குத்தினால் முனை வாணலிக்குப் பக்கத்தில் போய்ப் பொய் எண்ணைக் காட்டும்.

ரோஸ் நிற பர்கரே கூடாது என்று தடை கேட்கிறேனா? இல்லை. முழுத் துண்டை வாங்கி, மேற்பரப்பைச் சுட்டோ சீவியோ எடுத்துவிட்டு, சுத்தமான இயந்திரத்தில் உடனே அரைத்து உடனே சமைத்தால் ஆபத்து நன்றாகவே குறையும், ஆனால் பூஜ்யம் ஆகாது. பையில் அடைத்துத் தண்ணீரில் 57 டிகிரி போலப் பிடித்து மணிக்கணக்கில் வைக்கிற முறையும் இருக்கிறது, சூடு குறைந்தாலும் நேரம் கூடினால் கிருமி சாகும் என்பதுதான் அதன் சூத்திரம், சொன்ன நேரத்தைக் குறைக்காதவரை. பிரிட்டனில் முழுக்க வேகாத பர்கர் விற்கிற உணவகங்கள் இறைச்சி எங்கிருந்து வருகிறது, எப்படிக் கையாளப்படுகிறது என்று காட்ட வேண்டும், மெனுவிலும் எச்சரிக்கை போட வேண்டும். இப்படி மெனக்கெட்டுச் செய்கிறவரிடம் ஒரு பெரியவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கடையில் வாங்கிய அரவையை வீட்டு அடுப்பில் மீடியம் ரேராக எடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினால், அதைப் படித்துவிட்டு யாரோ ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அப்படியே செய்து கொடுப்பார்.

அதுவும் தேவையே இல்லாத ஆபத்து. முழுக்க வெந்த பர்கர் வறண்டு போகும் என்பதுதான் மீடியம் ரேர் பர்கர் கேட்பவர்களின் வாதம். வறண்டு போவதற்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்பே இல்லாத அரவை. நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு இருக்கிற இறைச்சியாக எடுங்கள், பொடியாக அரைக்காமல் கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள், மாவு பிசைவதுபோல் பிசையாதீர்கள், உப்பை உள்ளே கலக்காமல் அடுப்பில் போடுவதற்குச் சற்று முன்பு வெளியே மட்டும் தூவுங்கள். உள்ளே கலந்த உப்பு புரதத்தை இழுத்துப் பிடித்து பர்கரை ரப்பராக்கிவிடும். ஸ்டேக்கில் நமக்குக் கிடைக்கிற ஈரம் தசைத் தண்ணீர், பர்கரில் அது உருகிய கொழுப்பு, அதனால் 71இலும் கையில் வழியும். சூடான தட்டில் போட்டு அழுத்தி மெலிசாக்குகிற ஸ்மாஷ் பர்கரைப் பாருங்கள், முழுக்க வெந்ததுதான், உள்ளே ரோஸ் என்று ஒன்று இருக்க இடமே இல்லை, ஆனாலும் அதற்காக ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்டேக்கைப் பற்றி. அடுப்பை அணைத்த பிறகும் அது வெந்துகொண்டே இருக்கும், தடிமனான துண்டில் 3 முதல் 5 டிகிரி வரை கூட ஏறலாம். மீடியம் ரேர் ஆசைப்பட்டு மீடியத்தில் போய் முடிகிறவர்கள் பலரும் இதைக் கணக்கில் எடுக்காதவர்கள். உணவகத்தில் சந்தேகமாக இருந்தால் ஒரு படி குறைத்தே கேளுங்கள். குறைவாக வந்தால் திருப்பி அனுப்பலாம், அவர்கள் இன்னும் கொஞ்சம் சூடு காட்டித் தருவார்கள். கூடிப்போனதை யாராலும் திருப்ப முடியாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் கீழே வந்த செய்முறையில் ஸ்டேக்குக்கு "பக்கத்துக்கு 3 நிமிடம்" என்று மட்டும் இருந்தது. துண்டு எவ்வளவு தடிமன், குளிர்சாதனப் பெட்டியில் இருந்து நேராக எடுத்ததா, என்ன வாணலி, எதுவும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் துண்டும் நாலு சென்டிமீட்டர் துண்டும் மூன்று நிமிடத்தில் ஒரே பதத்துக்கு வருமா? பர்கருக்கு "நிறம் மாறும் வரை" என்று போட்டிருந்தீர்கள். அடுத்த முறை ஸ்டேக்குக்குத் தடிமனோடு பதத்துக்குப் பதம் டிகிரியையும், பர்கருக்கு 71 என்ற ஒற்றை எண்ணையும் அச்சிடுங்கள். முடிந்தால் வரும் வார இணைப்பிலேயே பர்கர் செய்முறைக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள், அதை வெட்டி எடுத்து வைத்திருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்